அத்தையும் எலியாவும் பாகாயம் பஸ்ஸும்

போன வாரம் கிளாஸில் ஒரு விவாதம். "கவுன்சலிங் அறைக்குள் கடவுள் வரலாமா?" என்று மேடம் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் "கூடவே கூடாது" என்று கை தூக்கினோம். நானும்தான். தூக்கிய கையை இறக்கும்போதே ஆம்பூரில் இருக்கும் என் அத்தை ஞாபகத்துக்கு வந்துவிட்டார். அங்கே எழுந்து சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் இங்கே. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர் என்றால் உங்களுக்கெல்லாம் பிரியாணி. எங்களுக்கு ஷூ கம்பெனி. விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ்கள் சுற்றுப்பட்டு கிராமங்களுக்கு வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அத்தை பதினாறு வருஷமாக அப்பர் தைக்கிறார். அதாவது ஷூவின் மேல்பாகம். மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட் உண்டு. மாமா டேனரியில் வேலை பார்த்தார், சீக்கிரமே போய்விட்டார். மாமா போன வருஷம்தான் பெரிய பையனைப் பத்தாவதோடு நிறுத்தி அத்தை கம்பெனியில் சேர்த்துவிட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

ரெண்டு வருஷம் முன்னால் அத்தைக்குத் தூக்கம் போனது. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார். சாப்பாடு குறைந்தது. லைனில் தைத்துக்கொண்டே அழுகிறார் என்று கூட வேலை செய்யும் அக்கா வந்து சொன்னார். ஊரில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாள் போட்டார். அதற்குள் யாரோ ஒரு ஜெபவீட்டுக்கு அழைத்துப் போனார்கள். (நாங்கள் லுத்தரன் சபை. அமெரிக்க மிஷனரிகள் வந்த காலத்துக் குடும்பம், பள்ளிக்கூடம் கூட கன்கார்டியாதான். இது எங்கள் சபை இல்லை, வேறு இடம்.) அங்கே இருந்த போதகர் "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார். அத்தை மாத்திரையைச் சாக்கடையில் கொட்டிவிட்டு உபவாசம் உட்கார்ந்தார். ஒரு நாள் விடியற்காலையில் கிணற்றடியில் தனியாக நின்றவரைப் பக்கத்து வீட்டு பாய்தான் பார்த்துக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தார். அதற்கு மேல் இதை எழுத எனக்கு முடியவில்லை.

அன்றைக்கே வேலூர் பஸ் ஏறினோம். அங்கிருந்து பாகாயம்.

பாகாயம் பற்றி உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சி.எம்.சி.யின் மனநல மையம் 1957ல் அங்கே வந்தது. தொடங்கி வைத்தவர் கனடாவிலிருந்து மிஷனரியாக வந்த மனநல மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ். அந்தக் காலத்தில் மனநல ஆஸ்பத்திரி என்றாலே மதில் சுவரும் பூட்டும்தான். இங்கே நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவராவது கூடத் தங்க வேண்டும் என்பது முறை. அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் என்பவரும் அதே 1950களில் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்க வைத்தார். வெளிநாட்டுக்காரர்கள் நம்மிடம் வந்து கற்றுக்கொண்டு போன விஷயங்களில் இது ஒன்று என்பேன். அத்தையோடு என் அம்மா மூணு வாரம் தங்கினார். போகும்போது "சோம்பேறித்தனம்" என்று முணுமுணுத்த அம்மா, திரும்பி வரும்போது "அது நோய்டா" என்றார். ஜெபவீட்டில் இதை யாரும் எங்கள் வீட்டுக்குச் சொல்லித்தரவில்லை.

மாத்திரை வேலை செய்தது. தூக்கம் வந்தது. ஆனால் "நான் பாவி" என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை. அப்போதுதான் வேலூர் டவுனில் ஒரு கவுன்சலர் அம்மாவிடம் போகச் சொன்னார்கள். பெயர் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். கிறிஸ்தவர், முறையாக சைக்காலஜி படித்தவர். வேலூரில் இது புதுசு இல்லை. கிறிஸ்டியன் கவுன்சலிங் சென்டர் என்று 1970களிலிருந்தே ஒன்று அங்கே ஆட்களைப் பயிற்றுவித்து வந்திருக்கிறது. அதை வெகுகாலம் நடத்திய பி.ஜே. பிரசாந்தம், இந்தியக் குடும்பங்களின் கதைகளை வைத்தே கவுன்சலிங் பற்றிப் புத்தகம் எழுதியவர். நம் பாடப்புத்தகத்தில் வருகிற அமெரிக்க ஜான்களையும் மேரிகளையும் படித்துச் சலித்தவர்கள் தேடிப் பாருங்கள்.

முதல் தடவை நானும் அறைக்குள் இருந்தேன். அத்தைதான் "தம்பி இருக்கட்டும்" என்றார். வேதாகமம் மேசை மேல் இருக்கும், முதலில் ஜெபம் பண்ணுவார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். ஒன்றும் இல்லை. ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு. தூக்கம், சாப்பாடு, வேலை, சாகிற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டார். அரை மணி நேரம் கழித்து அத்தையே "ஜெபம் பண்றேன் மேடம், கேக்க மாட்டேங்கறாரு" என்று ஆரம்பித்தார்.

"என்ன கேப்பீங்க?"

"எதையும் கேக்கறதில்ல. மன்னிப்பு மட்டும்."

"எதுக்கு?"

அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பையன் நல்லாப் படிப்பான்" என்றார்.

ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் இது தெரியாது. போதகரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த அம்மா உடனே "ஆண்டவர் மன்னிச்சுட்டாரு" என்று சொல்லியிருந்தால் அத்தை ஆமென் சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்பார், நிச்சயம். அவர் சொல்லவில்லை. மாமா செத்த மாதம் வீட்டில் எவ்வளவு பணம் இருந்தது, யார் யாரிடம் கடன், வேறு என்ன வழி இருந்தது என்று கணக்குப் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தையே விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்தபோது விரலில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மாத்திரை விஷயம் வந்தது மூன்றாவது தடவை. "எலியா கதை தெரியுமா?" என்றார். அத்தைக்குத் தெரியாமலா, ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவர்! சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து சாக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். "அப்புறம் தூதன் வந்து என்ன புத்தி சொன்னாரு?" அத்தை யோசித்தார். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். மறுபடி தூங்க விட்டார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். அத்தை சிரித்துவிட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு.

இதைப் படிக்கிற நாத்திக நண்பர்கள் (உன்னைத்தான் சொல்கிறேன், ரூம்மேட்) "கடைசியில் மதத்தைத்தானே உள்ளே கொண்டு வந்தார்" என்பீர்கள். கொண்டு வந்தது அத்தை. அந்த அம்மா அதற்குள் வழி தெரிந்தவர், அவ்வளவுதான். வெளியே வரும்போது நான் கேட்டேன், வாணியம்பாடியிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் வந்தால் என்ன செய்வீர்கள் என்று. "அவங்களைத் தாங்குறது எதுன்னு அவங்க கிட்டயே கேப்பேன். என் வேதம் என் பைக்குள்ள இருக்கும்ப்பா" என்றார்.

ஆனாலும் கிளாஸில் கை தூக்கியதை முழுசாகத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எதிரே அழுதுகொண்டிருப்பவர் "வேண்டாம்" என்று சொல்லத் தெம்பில்லாதவர். அந்த நேரத்தில் யாரும் எதையும் அவர் தலையில் ஏற்றலாம். 2001 ஆகஸ்ட் 6ல் ஏர்வாடித் தீயில் சங்கிலியோடு கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்தார்கள். தர்காவின் மேல் நம்பிக்கை வைத்துக் கொண்டு போய் விடப்பட்டவர்கள். சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் அடுத்த வருஷமே, 2002ல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில் ஒரு கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள். மருந்து இல்லாமலே நோய்க்குறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே தனியாகப் பூஜை புனஸ்காரம் எதுவும் கிடையாது. யாரும் அதட்டாத, அடிக்காத இடம். அத்தையும் ஜெபவீட்டுக்கு அப்படி ஒரு இடத்தைத் தேடித்தான் போயிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தில் ஒரே வாரத்தில் தர்காவில் கயிறு கட்டி, கோயிலில் எலுமிச்சம்பழம் வாங்கி, சபையில் சாட்சி சொல்லி, பாகாயத்தில் ஓ.பி. சீட்டும் போடுகிற ஆட்கள் உண்டு. செய்வினை என்றும் நரம்புத் தளர்ச்சி என்றும் ஒரே மூச்சில் சொல்வார்கள். வேலூர் டாக்டர்களே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் போய் "முதலில் மூடநம்பிக்கையை விடுங்கள்" என்று ஆரம்பிக்கிற கவுன்சலர் ரெண்டாவது தடவை அவர்களைப் பார்க்க மாட்டார். நான் பார்த்தவரைக்கும்.

அத்தை இப்போது வேலைக்குப் போகிறார். டார்கெட் குறையவில்லை, சூப்பர்வைசரும் மாறவில்லை. பையனிடம் அந்தப் பேச்சை இன்னும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி அந்த அம்மாவும் அவசரப்படுத்தவில்லை. மாத்திரை ராத்திரி ஒன்று, அதைப் போடும் முன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கிறார். என்ன என்று கேட்டேன். "உனக்கெதுக்கு, போய்ப் படி" என்றார்.

அடுத்த மாதம் ரிவ்யூ. கம்பெனியில் லீவு கொடுத்தால் நானும் கூடப் போகிறேன்.