முகவீணைக்காரரின் கோடை

பர்கூருக்குப் போகிறேன் என்று வீட்டில் வாயைத் திறந்ததுதான் தாமதம், ஒரு ஜாபிதா தயாராகிவிட்டது. அத்தைக்கு இரண்டு புடவை, மைத்துனிக்கு ஒன்று, குழந்தைகளுக்குப் பாவாடைத் துணி, கடைசி வரியில் ஆறு ரவிக்கைத் துணி. "குட்டி சூரத் என்று சொல்கிறார்களே, விலை சல்லிசாம்!" என்றாள் என் மனைவி. நான் போவது கூத்துப் பார்க்க என்றேன். "கூத்து ராத்திரியில்தானே? பகலில் உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். இதற்கு எந்தப் பத்திரிகைக்காரனாலும் பதில் சொல்ல முடியாது.

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பெருஞ்சாலையில், வாணியம்பாடியைத் தாண்டி, கிருஷ்ணகிரி வருவதற்கு முன்னால் இருக்கிறது பர்கூர். இரு பக்கமும் கரும்பாறைக் குன்றுகள். குன்றுக்கும் குன்றுக்கும் நடுவே மாந்தோப்புகள். கோடையில் மாம்பழக் கூழ் ஆலைகளின் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பழம் பெரும்பாலும் பெங்களூரா, அதாவது நம்முடைய கிளிமூக்கு. கடைவீதியில் எங்கு திரும்பினாலும் ஜவுளிக் கடைதான். நான் புகுந்த கடைக்காரர் பேரத்தை உருதுவில் ஆரம்பித்து, தெலுங்கில் இறக்கி, தமிழில் முடித்தார். எல்லைப்புறத்து ஊர் அல்லவா! கொஞ்ச தூரம் போனால் ஆந்திரம். ஓசூர் வழியாகப் போனால் கர்நாடகம். ஜாபிதா முடிய மத்தியானம் ஆயிற்று. மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் பஸ் ஏறினேன்.

கிராமத்தின் பெயர் வேண்டாம். காரணம் பிறகு தெரியும். திரௌபதை அம்மன் கோயில் எதிரே ஓலைப் பந்தல். ஒருவர் வில்லிபாரதத்திலிருந்து பாடிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் பெண்கள், பலர் மடியில் குழந்தைகள். தூண் ஓரமாக எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்றே நினைத்தேன்.

"தூங்கலை சார், படிக்கிறேன்," என்றார் பிற்பாடு. "மத்தியானம் இங்கே கேக்கிற கதைதான் ராத்திரி கூத்துல வரும். நாப்பது வருஷமா இதான் எங்க காலேஜ்."

அவர்தான் நான் தேடி வந்த முகவீணைக்காரர்.

இந்தப் பக்கத்தில் பங்குனி பிறந்தால் பாரதக் கூத்து பிறந்துவிடும். ஆடி வரைக்கும் ஏதாவது ஓர் ஊரில் நடந்துகொண்டே இருக்கும். பதினெட்டு நாள் என்பது பொதுவான கணக்கு. பகலில் பாரதக் கதை. இரவு பத்து மணிக்குமேல் விடியும் வரை கூத்து. வில் வளைப்பு, துகில் உரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று ஒவ்வோர் இரவுக்கும் ஒரு கதை. "தொடரும்" என்று போட்டு வாசகிகளை ஒரு வாரம் தவிக்க வைக்கும் வித்தையை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது! ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, பின்னாளில் 'வியாசர் விருந்'தை வாரப் பத்திரிகையில் தொடராக எழுதினார். சின்ன வயதில் அவர் காதிலும் இந்தக் கூத்து விழுந்திருக்குமோ என்னவோ.

பெரியவரின் கோடை இப்படித்தான் போகிறது. பங்குனியில் ஆந்திர எல்லைக்குள் குப்பம் பக்கத்து ஊர்கள். அங்கே அக்காள் வீட்டில் ஜாகை. சைத்ர பௌர்ணமிக்கு பெங்களூரில் சம்பந்தி வீடு. அன்று இரவுதான் அங்கே தர்மராயர் கோயில் கரகம் புறப்படும். கரகம் சுமப்பவர் ஆண்மகன். ஆனால் சேலையும் வளையலும் அணிந்து, மல்லிகைப் பூ மூடிய கரகத்தைத் தலையில் ஏந்தி விடிய விடிய வலம் வருவார். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போவார். அதுவும் திரௌபதை விழாதான். "அம்மாளுக்கு எல்லை கிடையாது சார். பஸ்காரன்தான் எல்லையில டிக்கெட்டை மாத்துறான்," என்றார் பெரியவர்.

முகவீணையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நாகஸ்வரத்தின் கைக்குழந்தை போல, ஒரு முழத்துக்கும் குறைவு. பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றி வைத்திருந்தார். வேஷக்காரர் உச்சத்தில் பாடி நிறுத்தும் இடத்தில், அந்தப் பாட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போக வேண்டும் இது. இன்று பல கூத்துகளில் ஆர்மோனியம் மட்டும்தான். பாரிஸில் 1842-ல் உரிமம் பெற்ற வாத்தியம் அது. நம் ரேடியோவில் 1940 முதல் 1971 வரை அதற்கு இடம் கிடையாது. கூத்து மேடையில் மட்டும் அது சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

"அதுக்கு மூச்சு வாங்காது, பல்லும் வேண்டாம்," என்று சிரித்தார். சிரித்தபோதுதான் கவனித்தேன்: முன்பல் இரண்டு இல்லை. சீவாளியை உதட்டில் பிடித்து ஊதுபவருக்கு அது எத்தனை பெரிய நஷ்டம்!

"உங்களுக்குப் பிறகு?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. பந்தலுக்கு வெளியே கையைக் காட்டினார். அங்கே ஓர் இளம்பெண் சைக்கிளிலிருந்து இறங்கினாள். ஷூ கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கிற்று. அவருடைய பேத்தி. வாரத்துக்கு ஒரு நாள் லீவு. மற்ற நாட்களில் ஷிப்டு முடிந்து வந்து ஒரு மணி நேரம் சாதகம். மூன்று வருஷமாக நடக்கிறது. ஆனால் மேடையில் ஒரு நாள்கூட வாசித்ததில்லை.

கூத்தில் திரௌபதையைக்கூட ஆண்தான் கட்டுவது வழக்கம். இப்போது அது அங்கங்கே தளர்ந்து வருகிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கற்று ஆடினார்கள். இந்த ஊருக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. கூத்து வாத்தியார் கெட்டவர் அல்ல. "ராத்திரி முழுக்க ஆம்பளைங்க நடுவுல பொம்பளைப் புள்ளை உக்காந்தா நாளைக்குக் கல்யாணம் பேசுறப்ப யார் பதில் சொல்றது?" என்றார். ஊர்ப் பெயரை நான் ஏன் எழுதவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

அன்றிரவு கர்ண மோட்சம். கண்ணாடி பதித்த கிரீடமும் புஜக்கட்டையுமாகக் கர்ணன் திரைக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டபோது பந்தலே நிமிர்ந்து உட்கார்ந்தது. விடியற்காலை டீக் கடையில் பெரியவரிடம் இத்தாலியைப் பற்றிச் சொன்னேன். அங்கே சிஸிலித் தீவில் கவசம் பூட்டிய பொம்மைகளை வைத்துக்கொண்டு, சார்லமேன் மன்னனின் வீரர்களின் கதையை இரவு இரவாகத் தொடர்ந்து நடத்துவார்கள். பாலெர்மோ பொம்மைக்கு முழங்கால் மடங்கும். கடானியா பொம்மை இன்னும் பெரிது, முழங்கால் மடங்காது. வித்தை பெரும்பாலும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும். சினிமாவும் டெலிவிஷனும் வந்த பிறகு கூட்டம் குறைந்துபோயிற்று. 2001-ல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் அருஞ்செல்வம் என்று அறிவித்தது.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ அவங்க நமக்குப் பங்காளிங்க!" என்றார்.

"அங்கே பொண்ணுங்க வாசிப்பாங்களா, சார்?" என்று கேட்டாள் பேத்தி. எனக்குத் தெரியவில்லை, டீயைக் குடித்தேன்.

மறுநாள் படுகளம். மண்ணால் துரியோதனனைப் பிரம்மாண்டமாகப் படுக்க வைத்திருந்தார்கள். பீமன் வந்து தொடையில் அடிக்க வேண்டும். திரௌபதை விரித்த கூந்தலை முடிக்க வேண்டும். காலையில் பெரியவர் உதட்டைத் துண்டால் ஒற்றிக்கொண்டே வாத்தியாரிடம் போனார். உதடு வீங்கியிருந்தது. கொஞ்ச நேரம் ஏதோ பேசினார்கள். கடைசியில் வாத்தியார், "படுகளம் பகல்லதானே? ஊதட்டும்," என்றார். பேத்தியின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் அதற்குள் சீவாளியை வாயில் வைத்து நனைக்கப் போய்விட்டாள்.

திரௌபதை வேஷக்காரர் பாடி நிறுத்தினார். முகவீணை பேசவில்லை. வெறும் காற்று! பெரியவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வேஷக்காரரோ ஒன்றும் நடக்காததுபோல், "கேளும் பெண்களே!" என்று கூட்டத்தைப் பார்த்து வசனத்தை நீட்டிக்கொண்டே போனார். வசனம் முடிவதற்குள் கீச்சென்று ஓர் ஒலி எழுந்தது, ஆடிற்று, பிறகு பிடித்துக்கொண்டது. கூந்தல் முடியும் வரை அது விடவில்லை. முன்வரிசைப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஊதுவது யார் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலத் தீமிதிக்கு அவள் இல்லை. இரண்டு மணி ஷிப்டுக்கு கம்பெனி வேன் வந்துவிட்டது. ஓடும் அவசரத்தில் முகவீணையைச் சுற்றக் கிழிசலைத் தேடினாள். நான் மூட்டையிலிருந்து அகப்பட்டதை எடுத்து நீட்டினேன்.

வீட்டில் ஜாபிதாவை வைத்துச் சரிபார்த்தபோது ரவிக்கைத் துணி ஐந்துதான் இருந்தது. கதையைச் சொன்னேன். மனைவி கோபித்துக்கொள்ளவில்லை.

"மறுபடி எப்போது வாசிக்கிறாளாம்?" என்று கேட்டாள்.

"அடுத்த பங்குனியில், ஷிப்டு ஒத்துவந்தால்," என்றேன்.