கொழுத்துப் போன எழுத்துகள்

"அப்பா, எழுத்தெல்லாம் கொழுத்துப் போச்சு!"

பேஸ்மெண்டில இருந்து மகள் கூப்பிட்டாள். பதினொரு வயது. பைத்தன் பழகத் தொடங்கியிருந்தவளுக்குப் பழைய கணினி ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். டெஸ்க்டொப் ஒன்றும் இல்லை, வெறும் கன்சோல்தான். யூடியூப் பக்கம் போகமாட்டாள் என்ற கள்ள யோசனை. மொனிட்டர் அவளுடைய அப்பப்பாவினது. அவர் போய் மூன்று வருஷம். ஊர்ச் செய்தியெல்லாம் அதிலதான் வாசிப்பார். எறிய மனம் வரவில்லை.

போய்ப் பார்த்தேன். உண்மைதான். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட அகலத் திரையில் 1024க்கு 768 ஓடிக்கொண்டிருந்தது.

"மொனிட்டர் பழுதாப் போச்சோ?" என்றாள். எனக்குத் திக்கென்றது.

பழுது மொனிட்டரில் இல்லை. மொனிட்டர் தன்னுடைய அளவுகளை ஈடிஐடி என்ற சின்னக் குறிப்பாகக் கேபிள் வழியே கணினிக்குச் சொல்லும். மலிவான விஜிஏ கேபிள் சிலதில் அதற்கான கம்பிகளே இருக்காது. எங்களிடம் இருந்ததும் அப்படி ஒன்று. குறிப்பு வராவிட்டால் லினக்ஸ் 1024க்கு 768 என்று தானே எடுத்துக்கொள்ளும்.

"அப்ப நாங்கள் சொல்லிக் குடுப்பம்," என்றாள்.

முதலில் கிரப் அமைப்புக் கோப்பில் ஜிஎஃப்எக்ஸ்மோட் வரியை மாற்றினேன். தொடக்க மெனு மட்டும் வடிவா வந்தது. பிறகு பழையபடி கொழுப்பு. அதே கோப்பில், கெர்னலுக்குப் போகும் வரியில் 'வீடியோ' என்று போட்டு, விஜிஏ-1 என்ற இணைப்பின் பெயரையும் 1920, 1080, 60 என்ற எண்களையும் சேர்த்தேன். ரீபூட். ஒரு மாற்றமும் இல்லை. சத்தம் போடாமல் இருக்கப் பாடுபட்டேன்.

"அப்பா, கோப்பில மேலயே எழுதியிருக்கு. மாத்தினா அப்டேட்-கிரப் ஓட்டச் சொல்லி."

இருபது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். அந்த வரியை வாசித்ததே இல்லை. ஓட்டினோம். எழுத்துகள் மெலிந்து, கூர்மையாக வந்து நின்றன. "ஐயோ, இப்ப சரியாச் சின்னன்!" என்று சிரித்தாள். கன்சோல்-செட்டப்பில் டெர்மினஸ் எழுத்துருவைப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

பிறகு யூஎஸ்பியைச் செருகி, தமிழ்ப் பள்ளிக்கு அப்பப்பாவைப் பற்றி எழுதிய கட்டுரையைத் திறந்தாள். ஒரே கட்டம் கட்டமாக வந்தது. லினக்ஸ் கன்சோல் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் இடமில்லை. கொம்பையும் காலையும் சேர்த்துத் தமிழ் எழுத அதற்குத் தெரியாது. இதற்கு எந்த வரியை மாற்றியும் பலனில்லை.

"அப்பப்பா இதிலதானே தமிழ் வாசிச்சவர்?"

வாற சனிக்கிழமை டெஸ்க்டொப் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன். யூடியூப்பும் வரும்.