பெயருக்குப் பக்கத்தில் காரணம்

எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் 'முசே'. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பிய சொல்தா. மே மாதக் கடைசியில் ரோலான் காரோஸ், அதாவது பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் போட்டி, தொடங்கும். பாரிஸில் காலை 11 மணி ஆட்டம் நமக்குப் பிற்பகல் இரண்டரை. சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் அவர் வீட்டுக் கூடத்தில் இருப்பேன். எந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று கணிக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

டாஸ் போடுவதற்கு முன்பே நோட்டில் பெயரை எழுதிவிட வேண்டும். பக்கத்திலேயே காரணமும் வேண்டும். பெயர் பலித்துக் காரணம் பலிக்காவிட்டால் தப்பு என்றே குறிப்பார். காசு வைத்துப் பந்தயம் கட்டுகிறவர்களை வாசற்படி ஏறவிட மாட்டார்.

2008 ஜனவரியில் சென்னை ஓப்பன் இறுதி ஆட்டத்துக்கு என்னை நுங்கம்பாக்கம் கூட்டிப்போனார். ஈசிஆர் பஸ்ஸில் மடியில் நோட்டை வைத்து 'நடால்' என்று எழுதினேன். காரணம்: உலகத் தரவரிசையில் 2ஆம் இடம்.

"நேத்து எவ்வளவு நேரம் ஆடினான்?" என்றார் முசே.

முந்தின நாள் அரையிறுதியில் கார்லோஸ் மோயாவோடு மூன்று செட்டும் டை பிரேக் வரை போய், கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆடித்தான் நடால் ஜெயித்திருந்தார். அதுவும் சென்னைப் புழுக்கத்தில்.

"பேரை விடு. கால் ரெண்டையும் பாரு."

அவர் நோட்டில் மிகைல் யூஷ்னி. மைதானத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வழக்கமாக நடால் பாய்ந்து எடுக்கிற பந்துகள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. 6-0, 6-1. யூஷ்னிக்குக் கோப்பை.

அதன் பிறகு என்னை இரண்டாவது சர்வைப் பார்க்கப் பழக்கினார். முதல் சர்வை எல்லோரும் துணிந்து அடிப்பார்கள். அது தவறியபின் கை எப்படிப் போகிறது என்பதில்தான் ஆளின் நிலை தெரியும். 30-30இல் ஒருவர் பந்தை மேலே போட்டுவிட்டு, அடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டால் அதையும் குறிக்கச் சொல்வார். இந்தச் சின்ன விஷயங்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் முழுதாக விளங்கியது. 2024இல் டார்ட்மத் கல்லூரி மாணவர்களிடம் பேசிய ஃபெடரர், தான் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் ஜெயித்ததாகவும், புள்ளிகளில் ஜெயித்தது 54 சதவீதமே என்றும் சொன்னார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே இடைவெளி அவ்வளவுதான். 2019 விம்பிள்டன் இறுதியில் அவர் 218 புள்ளி எடுத்தார், ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்குப் போனது. எந்தப் புள்ளி என்பதுதான் கணக்கு.

முசேவும் தவறியிருக்கிறார். 2009 ரோலான் காரோஸில் ராபின் சோடர்லிங்கோடு நடால் மோதியபோது நாங்கள் இருவருமே நடால் என்றுதான் எழுதினோம். அந்தக் களிமண் தரையில் அதுவரை தோற்றதே இல்லை. சில வாரங்களுக்கு முன் ரோமில் இதே சோடர்லிங்கை 6-1, 6-0 என்று முடித்திருந்தார். ஆனால் நடாலின் சுழற்பந்து எகிறி வந்தபோதெல்லாம், உயரமான சோடர்லிங் தோள் மட்டத்தில் வைத்துத் தட்டையாக அடித்தார். நான்கு செட்டில் நடால் தோற்றார். முசே அந்தப் பக்கத்தை அடிக்கவில்லை. கீழே 'உயரம்' என்று எழுதினார். நடால் முட்டி வலியால் அந்த வருஷ விம்பிள்டனுக்கு வராததும், 'முட்டி' என்று சேர்த்தார்.

2010 ரோலான் காரோஸ் இறுதி ஆட்டத்துக்கு அதே இருவர். சோடர்லிங்கின் அரையிறுதி ஐந்து செட். நடாலோ அதுவரை ஒரு செட்கூட விடவில்லை. 'நடால்' என்று எழுதிப் பக்கத்தில் 'கால் தேறிவிட்டது, எதிராளி களைத்திருக்கிறார்' என்று எழுதினேன். 6-4, 6-2, 6-4.

முசே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார். பெயருக்கு ஒரு டிக். காரணத்துக்கும் ஒரு டிக்.