சட்டையில் குத்திய பட்டம்

‘ஃபிராடெர்னிட்டி’ என்ற சொல்லுக்குச் சகோதரர் கூட்டம் என்று பொருள். ஆனால், அமெரிக்காவின் கப்பா ஆல்ஃபா தீட்டா என்ற மாணவியர் சங்கம் இன்றும் தன்னை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறது. அது தொடங்கிய 1870இல் ‘சொராரிட்டி’ என்ற சொல் புழக்கத்தில் இல்லை. பின்னாளில் சிரக்கியூஸ் பல்கலைக்கழக லத்தீன் பேராசிரியர் ஒருவர் தந்த சொல் அது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் மகள். அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். “அம்மா, இங்க ஒரு சங்கத்துல சேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க” என்று ஒருநாள் போனில் சொன்னாள். கிரேக்க எழுத்துப் பெயர், ரகசியச் சடங்கு, கட்டணம் என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு வயிற்றைக் கலக்கியது. “படிக்கப் போனியா, மடத்துல சேரப் போனியா?” என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் அவள் அப்பா.

தீட்டாவின் கதை நடந்தது இண்டியானா மாநிலத்தின் கிரீன்காசல் என்ற சிற்றூரில். இன்றைய டிபா பல்கலைக்கழகத்துக்கு அன்று இண்டியானா ஆஸ்பரி என்று பெயர். 1867இல்தான் அங்கே பெண்களைச் சேர்த்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் பெட்டி லாக், கணிதப் பேராசிரியரின் மகள். ஆண்கள் சங்கம் ஒன்று தன் பேட்ஜை அவருக்கு அணியக் கொடுத்தது. உறுப்பினராக அல்ல, சும்மா அழகுக்கு. உறுப்பினர் உரிமை இல்லாத பேட்ஜ் வேண்டாமென்று பெட்டி மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக அவர்கள் கொடுத்தது வெள்ளியில் ஒரு கேக் கூடை! உரிமை கேட்டவளுக்கு விருந்து மேசைச் சாமான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

தந்தை ஊக்கம் தர, பெட்டி தானே ஒரு சங்கம் தொடங்கினார். 1870 ஜனவரி 27 அன்று ஆலிஸ் ஆலன், பெட்டி டிப்டன், ஹன்னா ஃபிட்ச் ஆகியோருடன் சேர்ந்து நான்கே பேர். கறுப்பும் பொன்னும் அவர்களுடைய நிறங்கள். பூ, அதே நிறத்துப் பேன்சி. இரட்டை நட்சத்திரமும் உண்டு. பேட்ஜ், காற்றில் விடும் பட்டத்தின் வடிவம். பட்டம் வாங்கப் போனவர்கள் சட்டையிலும் ஒரு பட்டத்தைக் குத்திக்கொண்டார்கள் என்று தமிழில்தான் சொல்ல முடியும்.

இப்படிக் கதவைத் தட்டி உள்ளே வந்தவர்கள் எல்லாருக்கும் கதவைத் திறந்துவிடவில்லை. வெள்ளையர் மாணவியர் சங்கங்கள் பல, கறுப்பினப் பெண்களை நெடுங்காலம் சேர்க்கவில்லை. 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவியர் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். இளஞ்சிவப்பும் பச்சையும் அவர்கள் நிறம், 20 முத்துகள் அவர்கள் அடையாளம். தாய்வழியில் தமிழரான கமலா ஹாரிஸ் அதன் உறுப்பினர். அவர் கழுத்தில் முத்துமாலையைப் பார்த்தபோதெல்லாம் வெறும் நகை என்றுதான் நினைத்திருந்தேன்.

மகளுக்கு நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்று கேள்விகளைக் கேட்டு வரச் சொன்னேன். உனக்கு ஓட்டு உண்டா? பிடிக்காத சடங்குக்கு முடியாது என்று சொல்லலாமா? நம்மைப் போன்ற பிள்ளைகள் உள்ளே எத்தனை பேர்?

ஒரு வாரம் கழித்து அழைத்தாள். “முதல் ரெண்டுக்கும் உடனே பதில் சொன்னாங்கம்மா. மூணாவதுக்கு, ‘நீதான் முதல் ஆளா இருப்பே’ன்னாங்க. அடுத்த செமஸ்டர்ல பார்க்கலாம்னு வந்துட்டேன்.”