அல்சூரில் ஒரு டிவிடி ரெக்கார்டர்

டிவிடி ரெக்கார்டர் என்ற கருவி இந்திய வீடுகளில் வாழ்ந்த காலம் மிகக் குறுகியது. வி.சி.ஆர். நீண்ட காலம் கோலோச்சியது. டிவிடி பிளேயர் பத்தாண்டுகளேனும் கூடத்து மேசையில் இருந்தது. பதிவு செய்யவும் வல்ல அதன் உடன்பிறப்போ 2000-களின் நடுவில் கடைக்கு வந்து, பலரும் கவனிக்கும் முன்பே போய்விட்டது. ஊடக வரலாறு எழுதுவோர் கேசட்டிலிருந்து நேராக யூடியூபுக்குத் தாவிவிடுகின்றனர். இடைப்பட்ட அந்தச் சில ஆண்டுகளில் தமிழ் பார்த்த வீடுகளில் என்ன நடந்தது என்பதற்குப் பெங்களூரு அல்சூரில் உள்ள ஒரு வீட்டைச் சான்றாகக் கொள்ளலாம்.

வீட்டுக்காரர் துரவாணி நகர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். 2006 இறுதியில் எஸ்.பி. ரோட்டுக் கடையொன்றில் எட்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து அந்தக் கருவியை வாங்கினார். உள்ளே ஹார்ட் டிஸ்க் இல்லாத மலிவு வகை. வாங்கியதற்குக் காரணங்கள் இரண்டு. மனைவி இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. மூத்த மகளின் 1994-ஆம் ஆண்டுத் திருமணக் கேசட்டில் மட்டுமே அவர் நடமாடிக்கொண்டிருந்தார். பெங்களூரின் மழைக்காலம் கேசட்டுகளுக்கு ஆகாது. நாடாவின் ஓரத்தில் வெண்பூஞ்சை படரத் தொடங்கியிருந்தது. இரண்டாவது காரணம் இளைய மகள். அவர் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கால்சென்டரில் இரவுப்பணி பார்த்தார். மாலை ஏழு மணிக்குக் குவாலிஸ் வண்டி வாசலுக்கு வந்துவிடும். சன் தொலைக்காட்சியில் இரவில் ஒளிபரப்பான 'கோலங்கள்' தொடரை அவர் பார்க்க வழியில்லை.

ஆகவே தந்தை டைமர் வைத்தார். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து அரைமணிப் பகுதிகள், எல்.பி. நிலையில் ஒரே டிவிடி-ஆர்.டபிள்யூ. வட்டில் வாரம் முழுவதும் அடங்கும். ஞாயிறன்று அழித்துவிட்டுத் திங்களன்று மீண்டும் தொடங்கலாம். மகள் விடியற்காலை வீடு திரும்பி, குளித்து, இட்லித் தட்டோடு அமர்ந்து முந்தைய இரவைப் பார்ப்பார். ஒளிபரப்பின் நேரத்தைப் பார்ப்பவரின் நேரத்துக்கு நகர்த்துவது என்ற கருத்தாக்கத்தை 1984-இல் சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் ஏற்றுக்கொண்டது. அந்த நீதிபதிகள் மனத்தில் வைத்திருந்தது அமெரிக்கக் குடும்பம். அமெரிக்கர்களின் பகலுக்காகத் தன் இரவை விற்ற அல்சூர்ப் பெண்ணுக்கும் அதே நேர நகர்வு தேவைப்பட்டது. (நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு ஒளிபரப்பைப் பதிவு செய்துகொள்வதை மீறலாகக் கருதுவதில்லை. பக்கத்து வீட்டுக்குக் கடன் கொடுப்பதைப் பற்றி அது அவ்வளவு தாராளமாகப் பேசவில்லை.)

பக்கத்து வீடுகள் வந்தது 2007 பிப்ரவரியில். காவிரி நடுவர் மன்றம் 5-ஆம் தேதி இறுதித் தீர்ப்பை வழங்கியதும் நகரம் இறுகியது. கேபிளில் தமிழ் அலைவரிசைகள் நின்றன. 1991 டிசம்பரைக் கண்ட தெருக்களில் அந்த மௌனத்துக்குத் தனிப் பொருள் உண்டு; கதவை முன்னதாகவே தாழிட்டுக்கொள்வார்கள், தெருவில் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அவ்வாறான மாலைகளில் அவரிடமிருந்த இருபது முப்பது வட்டுகள் வீடுவீடாகச் சென்றுவந்தன. புதிய பகுதிகள் இல்லை. எல்லாம் ஏற்கெனவே பார்த்தவை. ஆனாலும் கேட்டு வாங்கிப் போனார்கள், ஒலியைக் குறைத்து வைத்துப் பார்த்தார்கள்.

ஸ்டோர்ஸ் பழக்கம் அவரை விடவில்லை. நீள நோட்டுப்புத்தகம் ஒன்றில் வரிசை எண், தேதி, அலைவரிசை, பதிவு நிலை, கடன் பெற்றவர், திரும்பிய நாள் என்று கோடு கிழித்து எழுதினார். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'சீல்'. ஃபைனலைஸ் என்பதற்கு அவர் வைத்த சொல் அது. பதிவு முடிந்த வட்டில் உள்ளடக்க அட்டவணையையும் முடிவுப்பகுதியையும் கருவி எழுதி மூடினால்தான் வேறு பிளேயரில் அது ஓடும். மூடாத வட்டைக் கணினியில் இட்டால் பெரும்பாலும் வெற்று வட்டு என்றே காட்டும். மூடிவிட்டாலோ ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய வட்டில் மேற்கொண்டு எதையும் சேர்க்க முடியாது. எனவே சிக்கனக்காரர்கள் வட்டு நிரம்பும் வரை சீல் வைக்கமாட்டார்கள். நிரம்பாமலே நின்றுபோன வட்டுகள் அந்த நோட்டில் பல உண்டு.

மின்வெட்டு இன்னொரு பகை. மின்சாரம் போய் வந்தால் மலிவுக் கருவியின் கடிகாரம் சுழியத்துக்குத் திரும்பிக் கண்சிமிட்டும். டைமர் எல்லாவற்றையும் மறந்துவிடும். பதிவின் நடுவே போனால் அன்றைய பகுதி முழுவதும் போகும். ஒரு கோடை முழுக்க இவ்வாறு இழந்த பிறகு, மின்விசிறிக்கென்று வைத்திருந்த இன்வெர்ட்டரின் இணைப்பைக் கருவிக்கு மாற்றினார். வியர்த்தபடி உறங்கினார் என்பது மகளின் சாட்சியம்.

2009 ஆகஸ்ட் 9 அன்று அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. 1991-இலிருந்து 18 ஆண்டுகள் துணி சுற்றி நின்ற சிலை. அன்றைய தமிழக முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைக்க, கர்நாடக முதல்வர் எடியூரப்பா உடனிருந்தார். நான்கு நாள்கள் கழித்துச் சென்னையில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. ஏரி அவர் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவுதான். ஆனால் அவர் போகவில்லை. வீட்டில் அமர்ந்து அலைவரிசை மாற்றி மாற்றிச் செய்திகளைப் பதிவு செய்தார். நோட்டில் அந்த வட்டுக்கு மட்டும் எக்ஸ்.பி. என்று எழுதியிருக்கிறது, ஒரு மணி நேரமே பிடிக்கும் மிக உயர்ந்த நிலை. சீல் கட்டம் காலி.

கருவியைக் கொன்றது பழுது அன்று, சட்டம். கேபிள் டிஜிட்டல்மயமாக்கலின் இரண்டாம் கட்டத்துக்கு 2013 மார்ச் 31-ஐ இறுதி நாளாக அரசு குறித்தது. பெங்களூரு அதில் அடக்கம். செட்-டாப் பாக்ஸ் வந்ததும் ரெக்கார்டரின் உள்ளே இருந்த அனலாக் டியூனருக்கு வேலை போயிற்று. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. கம்பிகளால் பாக்ஸை இணைத்துப் பதிவு செய்யலாம். ஆனால் பாக்ஸ் எந்த அலைவரிசையில் நிற்கிறதோ அதுதான் பதிவாகும். டைமர் இருந்தும் அலைவரிசை மாற்ற ஆள் வேண்டும். மகளும் அதற்குள் பகல்பணிக்கு மாறித் திருமணமாகி ஒயிட்ஃபீல்டு போய்விட்டார். நோட்டின் கடைசிப் பதிவு எண் 212.

சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூருத் தமிழரைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் அந்த வட்டுகளைத் தேடி வந்தார். "எல்லாம்தான் இப்ப நெட்டுல இருக்கேம்மா" என்பது முதியவரின் முதல் மறுமொழி. இருக்கின்றன, உண்மை, ஆனால் விளம்பரங்கள் கழிக்கப்பட்டு இருக்கின்றன. மலிவு ரெக்கார்டர் எதையும் கழிக்கவில்லை. சிக்பேட்டைப் பட்டுக்கடை, உள்ளூர்க் கேபிள்காரர் திரையின் அடியில் ஓடவிட்ட வரிகள், கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறி வந்த வாடகை வீட்டு அறிவிப்புகள், நிகழ்ச்சியின் நடுவே திடீரென்று கறுத்துப்போன திரை என அனைத்தும் அப்படியே உள்ளன. ஃபிலடெல்ஃபியாவில் நூலகராக இருந்த மேரியன் ஸ்டோக்ஸ் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2012-இல் இறக்கும்வரை இரவும் பகலும் தொலைக்காட்சியைப் பதிவு செய்து ஏறத்தாழ 70,000 கேசட்டுகளை விட்டுச்சென்றார். பிபிசியோ 1960, 70-களில் தன் நாடாக்களைத் தானே அழித்து மீண்டும் பயன்படுத்தியது. நிறுவனம் குப்பை என்று தள்ளியதை வீட்டார் வைத்திருந்த கதை எங்கும் உண்டு. ஸ்டோக்ஸுக்குத் திட்டம் இருந்தது. அல்சூர்க்காரருக்கு மகளின் காலைச் சிற்றுண்டிதான் இருந்தது. அதற்காக இவருடைய தொகுப்பைத் தாழ்த்தி மதிப்பிடுவது சரியாகாது. எந்த வட்டு எந்த வீட்டுக்கு எந்த மாலையில் போனது என்று சொல்லும் நோட்டுப்புத்தகம் எந்தப் பெரிய காப்பகத்திலும் கிடைக்காத பொருள்.

சீல் வைக்காத வட்டுகள் முப்பத்தேழு. அவற்றைத் திறக்க அதே வகைக் கருவி வேண்டும். பழையதன் லேசர் மங்கிவிட்டிருந்தது, உதிரிப்பாகம் எங்கும் இல்லை. மாணவி பல வாரங்கள் சண்டே பஜாரில் அலைந்து அதே மாடலை ரிமோட் இல்லாமல் வாங்கிவந்தார். ஃபைனலைஸ் கட்டளை முகப்புப் பொத்தான்களில் கிடையாது, ரிமோட்டின் மெனுவில்தான் உண்டு. முதியவர் பழைய ரிமோட்டைத் தூக்கி எறியாமல் பாலித்தீன் உறையோடு வைத்திருந்தார்.

முதலில் படியெடுத்தது திருமண வட்டு. மூன்று மணி நேரக் கேசட்டை எஸ்.பி. நிலையில் பதிந்திருந்தால் இரண்டு வட்டுகள் ஆகியிருக்கும்; 2006-இல் அவர் எல்.பி. வைத்து ஒன்றில் முடித்திருந்தார். மிச்சம் இருபது ரூபாய். பல கருவிகளில் எல்.பி. என்றால் ஒரு வரியின் புள்ளிகள் 720-இலிருந்து 352 ஆகக் குறையும். அசைவு வந்தால் படம் கட்டங்களாக உடையும். பூஞ்சை மற்றவற்றுக்கும் பரவும் என்று கேசட்டை அப்போதே எறிந்தாயிற்று. பந்தியில் நடந்துகொண்டே இருக்கும் அந்த அம்மாளின் முகம் பெரிய திரையில் ஒருமுறையும் தெளியவில்லை. ஒலிக்கு அந்தக் குறைப்பு அவ்வளவாக இல்லை. நாதசுரம் ஓய்ந்த இடைவெளியில் "பாயசம் இந்தப் பக்கம் வரல" என்று யாரையோ அவர் அதட்டுவது தெளிவாகக் கேட்கிறது. மூத்த மகள் அந்த ஒலியை மட்டும் பிரித்துக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முப்பத்தேழில் முப்பத்திரண்டு வட்டுகள் மூடப்பட்டு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் படியெடுக்கப்பட்டுள்ளன. மூன்று வட்டுகளின் சாயம் வெளிறிவிட்டது. வள்ளுவர் வட்டு நாற்பத்தொரு நிமிடம் வரை படிக்கிறது, திரை விலகும் காட்சிக்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறது. அதை மூட முயன்றால் உள்ளதும் போகக்கூடும் என்பதால் மாணவி தொடவில்லை. எஞ்சிய ஒரு வட்டு கடன் போனது. 2007 பிப்ரவரி 14 என்ற தேதிக்கு எதிரே திரும்பிய நாள் எழுதப்படவில்லை.