மலை விட்ட வழி

நான் பிறந்து வளர்ந்தது நாகப்பட்டினம் பக்கம். கண்ணுக்கு எட்டிய தூரம் வயல், அதற்கப்பால் கடல். காற்றைத் தடுக்க ஒரு மேடுகூடக் கிடையாது. அப்படிப்பட்ட சமவெளிக்காரனுக்கு, ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் விரிகிற தேனி மாவட்டம் தரும் வியப்பு சொல்லி மாளாது. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். நடுவே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு பச்சைப்பசேலெனக் கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு.

நான் போனது ஆடியில். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே பாய்ந்து நுழையும். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய நான்கும் தமிழ்நாட்டுக்குள் அது வரும் பெரிய வாசல்கள். ஆண்டிபட்டிச் சுற்றுவட்டாரத்தில் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் அந்தக் காற்றை நம்பி நட்டவை. அவற்றில் ஒன்றின் அடியில் போய் நின்றேன். தொலைவிலிருந்து சோம்பலாகச் சுற்றுவதுபோல் தெரிந்த இறக்கை, பக்கத்தில் போனதும் ஒவ்வொரு சுற்றுக்கும் காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. அதற்கும் மேலே ஒரு பருந்து சிறகை ஒருமுறைகூட அடிக்காமல் நின்ற இடத்திலேயே நின்றது. வால் மட்டும் இப்படியும் அப்படியும் லேசாகத் திரும்பியது. காற்று எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது.

ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில்தான் வைகை அணை. 1959-ல் திறக்கப்பட்டது. நீர்த்தேக்க உயரம் 71 அடி. மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை விடுவார்கள். அணைக்கு முன்னால் ஆற்றின் இரு கரையிலும் பூங்கா, இரண்டையும் இணைக்க ஒரு சிறிய பாலம். தண்ணீர் அதிகம் திறந்துவிட்டால் பாலம் மூழ்கிப்போகும். நான் போன அன்று நீர் தணிந்துதான் ஓடியது. மதுரையிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பங்கள் மர நிழலில் தூக்குவாளியைத் திறந்து புளியோதரை பரிமாறிக்கொண்டிருந்தன. அந்தப் புல்தரையை நனைக்கும் நீரில் ஒரு பங்கு மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழை. அது வந்த வழியைப் பார்க்கத்தான் நான் தெற்கே, மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை போனேன்.

போகிற வழியில் சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம். “குனிஞ்சு வாங்க தம்பி, கம்பி இடிக்கும்” என்று பந்தலுக்குள் அழைத்துப் போனார் தோட்டக்காரர். கல்தூண்களின் மேல் கம்பி இழுத்துக் கட்டிய பந்தல். உள்ளே வெயில் பச்சையாக வடிகட்டி விழுகிறது. தலைக்கு மேலே பன்னீர்த் திராட்சைக் குலைகள். கருநீலப் பழத்தின்மேல் சாம்பல் பூத்ததுபோல் மெல்லிய பூச்சு. விரல் பட்ட இடத்தில் அது கலைந்து பழம் பளபளத்தது. “கவாத்து பண்ணி நூத்தி இருபது நாள்ல வெட்டிரலாம். இந்தத் தோட்டத்துல இன்னைக்கு வெட்டுனா அந்தத் தோட்டத்துல அடுத்த மாசம். இங்க வருசம் பூரா பழம்தான்” என்றார். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த கொடி இது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

லோயர் கேம்பில் மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் மின்நிலையத்துக்கு இறங்குகின்றன. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டவர் கர்னல் ஜான் பென்னிகுவிக். அணை 1895-ல் முடிந்தது. மின்நிலையம் வந்தது அரை நூற்றாண்டுக்கும் பிறகு. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில் விளைகிறது. லோயர் கேம்பில் பென்னிகுவிக்குக்காக 2013-ல் திறந்த மணிமண்டபத்தில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சிலையைக் கும்பிட்டார். பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15, பொங்கலை ஒட்டி வருகிறது. அன்று இந்தப் பக்கத்து மக்கள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள்.

காற்று இவ்வளவு வீசும் இந்தப் பள்ளத்தாக்கில் விமான நிலையம் கிடையாது. விமானம் ஏற மதுரைக்குத்தான் போக வேண்டும். ஆனால் குமுளி மலைக்கு அப்பால், வண்டிப்பெரியாறுக்கு அருகே சத்திரம் என்ற இடத்தில், என்.சி.சி. மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுத்தர 650 மீட்டர் ஓடுதளம் போட்டிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் அங்கே முதல் சிறுவிமானம் இறங்கியது. மலைமுகட்டில் தரையிறங்கப் பழக வேண்டுமானால், எந்திரத்தோடு காற்றையும் சேர்த்துப் படித்தாக வேண்டும்.

இதே வானம் துயரத்தையும் பார்த்திருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ. காய்ந்த புல்லில் காற்று தீயை விரட்ட, மலையேற்றம் வந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். முதலில் ஓடிப்போய்த் தோள்கொடுத்தவர்கள் மலையடிவார மக்கள். பிறகு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகருக்குள் நுழைந்தபோது, அது ஒதுங்கியிருந்த புளியந்தோப்புக்கு மேல் ஒருவர் டிரோன் பறக்கவிட, இரைச்சலில் மிரண்டு ஓடியது. விட்டவரைக் கைது செய்தார்கள். ஆபத்தில் சிக்கியவர்களைத் தேடிப் பறந்தது ஒன்று, வேடிக்கைக்காகப் பறந்தது இன்னொன்று. பறக்கும் வசதி கையில் வந்துவிட்டதாலேயே பறக்கும் உரிமையும் வந்துவிடாது என்பதைக் கம்பத்துக்காரர்கள் கண்ணால் கண்டவர்கள்.

பள்ளத்தாக்கின் கிழக்கே ஏறினால், சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் பூக்களின் பெயரை வைத்திருக்கிறார்கள். மேலே தேயிலை, ஏலம், அதற்கப்பால் சோலைக்காடு. 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்ட அதிகாரி இங்கே ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கொடுத்தார். சாதாரண இனம் என்று நினைத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். உலகம் அறியாத தனி இனம் அது என்று 1972-ல்தான் தெரிந்தது. பறவையியலாளர் சலீம் அலியின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். 2021-ல் மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடுகள் சேர்ந்து புலிகள் காப்பகமாயின.

ஆடியில் போங்கள், சாரலும் காற்றும் சேர்ந்திருக்கும். வைகைப் பூங்காவில் தொடங்கித் தண்ணீரின் எதிர்த்திசையில் லோயர் கேம்ப் வரை போங்கள். டிரோன் கொண்டுபோக வேண்டாம், கண் போதும். பாலைநிலமாகக் கிடந்திருக்க வேண்டிய ஊர்களை வயலும் தோட்டமும் பூங்காவும் ஆக்கியது மலையைப் பொறுமையாகப் படித்த மனிதர்கள் செய்த வேலை. அந்தப் பொறுமையில் கொஞ்சமாவது பார்க்கப் போகிறவர்களுக்கும் வேண்டும்.