ஒரு சொல், நான்கு நோயாளிகள்

மென்பொருளை எங்கே வெட்டுவது என்பதை நாங்கள் பொதுவாகத் தொழில்நுட்பக் கேள்வியாகத்தான் பார்ப்போம். ஒரே பெரிய நிரலைச் சின்னச் சின்ன சேவைகளாகப் பிரிக்க வேண்டும். ஒன்று படுத்துவிட்டாலும் மற்றவை ஓட வேண்டும். சரி, எந்த இடத்தில் பிரிப்பது? பெரும்பாலும் தரவுத்தளத்தைத் திறந்து, அட்டவணைக்கு ஒரு சேவை என்று வெட்டிவிடுவார்கள். நோயாளி சேவை, மருந்து சேவை, கட்டணச் சேவை. வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும்.

ஒரு தனியார் மருத்துவமனையின் மென்பொருளைப் பிரிக்கும் குழுவில் சேர்ந்தபோதுதான் அந்த அழகு எதை மறைக்கிறது என்று தெரிந்தது. அங்கே நோயாளிக்கு ஒரே அட்டவணை. ஐசி அல்லது பாஸ்போர்ட் எண் இல்லாமல் அதில் யாரையும் சேர்க்க முடியாது. பிரசவ வார்டில் மூத்த தாதி ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

“பொறந்து பத்து நிமிஷம் ஆன பிள்ளைக்கு நான் எங்க தம்பி ஐசி நம்பர் தேடுவேன்?”

“அப்போ எப்படிக்கா பதியுறீங்க?”

“அம்மா நம்பர்லதான்.”

திரையைத் திருப்பிக் காட்டினார். தாயின் எடை 3.1 கிலோ என்றிருந்தது. சிரிப்பு வந்தது, உடனே நின்றும்விட்டது. மருந்தகம் பார்ப்பதும் இதே அட்டவணையைத்தான். பச்சைக் குழந்தைக்கு மருந்தின் அளவை எடையை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். தாதிகள் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்கள். வார்டு ஓடியது அந்த நோட்டை நம்பித்தான்.

எரிக் எவன்ஸ் 2003இல் எழுதிய ‘டொமைன் டிரிவன் டிசைன்’ நூலை நான் புரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான். அட்டவணையை விட்டுவிட்டு முதலில் பேச்சைக் கவனிக்க வேண்டும். ஒரு சொல் எதுவரை ஒரே பொருளில் புழங்குகிறதோ, அதுவரை ஓர் எல்லை. எவன்ஸ் அதை ‘பவுண்டட் கான்டெக்ஸ்ட்’ என்கிறார். பதிவுக் கவுண்டருக்கு நோயாளி என்றால் அடையாள அட்டை. வார்டுக்கு, கட்டிலில் கிடக்கும் உடம்பு. மருந்தகத்துக்கு, எடையும் ஒவ்வாமையும். கட்டணப் பிரிவுக்கு, பணம் கட்டுபவர். அவருக்கு நோயே இல்லாமலும் இருக்கலாம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் திணை என்றால் உயர்திணை, அஃறிணை. பொருளதிகாரத்துக்குப் போனால் அதே திணை குறிஞ்சி, முல்லை என்று விரிகிறது. இரண்டையும் ஒரே வரையறைக்குள் அடைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. எந்த அதிகாரத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

நாங்களும் அப்படித்தான் பிரித்தோம். வார்டு தன் நோயாளிக்குத் தானே ஓர் எண் கொடுக்கும். ‘குழந்தை பிறந்தது’ என்ற செய்தியை வெளியிடும். மருந்தகம் அந்த எண்ணில் எடையைக் குறித்துக்கொள்ளும். கட்டணப் பிரிவு தாயின் கணக்கில் சேர்க்கும். பெயரும் ஐசியும் வரும்போது வரட்டும், பதிவுப் பிரிவு பார்த்துக்கொள்ளும். இதற்கு விலையும் உண்டு. ஒரே பெயர் நான்கு இடத்தில் இருக்கிறது. ஓரிடத்தில் திருத்தினால் மற்ற இடங்களுக்குப் போய்ச்சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எல்லா எல்லையும் தனிச் சேவையாக வேண்டும் என்பதுமில்லை. சிலவற்றை ஒரே நிரலுக்குள் தனித்தனிப் பகுதிகளாகவே வைத்தோம்.

“ஒரே ஆளுக்கு எதுக்கு நாலு ரெக்கார்டு?” என்று கூட்டங்களில் இன்னமும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பழைய அட்டவணையில் கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்களை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே கட்டணப் பிரிவு கேட்டவை. பொதுவான வரையறை என்று நாம் நினைப்பது பல நேரம் யாரோ ஒருவருடைய வரையறை. பெரும்பாலும் கை ஓங்கியவருடையது. மற்றவர்கள் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்கிறார்கள்.

இப்போதெல்லாம் புது வேலைக்குப் போனால் கணினியைத் திறப்பதற்கு முன் நான் அந்த நோட்டுகளைத்தான் தேடுகிறேன்.